பூக்களைப் பார்க்கப் போகும் கோவேறு கழுதை

கோவேறு கழுதை என்று சொன்னாலே எல்லாருக்கும் சிரிப்பு வரும். திட்டுவதற்கு மட்டுமே பயன்படும் வார்த்தையாகிவிட்டது பாவம். ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கோ + ஏறு. கோ என்றால் அரசன். அரசன் ஏறிப் போகிற கழுதை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எப்பேர்ப்பட்ட மரியாதை! :-)

அப்பா கழுதை, அம்மா குதிரை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இரண்டுக்கும் நடுவில் பிறந்த இதற்கு 63. அந்த ஒற்றைப்படைக் கணக்கினால் அநேகமாக எந்தக் கோவேறு கழுதைக்கும் வாரிசு கிடையாது. ஆனால் குதிரையே தயங்குகிற மலைப்பாதையில் இது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். இமயமலைப் பக்கம் இதைக் 'கச்சர்' என்கிறார்கள்.

கட்டுரை என்னவோ மலைப்பூக்களைப் பற்றியதுதான். அதில் கழுதை ஏன் முதலில் வந்தது என்றால், அந்தப் பூக்களைப் பார்க்கப் போகிற பலரையும் அவர்களின் மூட்டையையும் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். போட்டோவில் மட்டும் இது வருவதில்லை.

எங்கே இருக்கிறது?

உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகிற சாலையில் கோவிந்த்காட் என்று ஓர் ஊர். அங்கே அலக்நந்தா ஆற்றைத் தாண்டினால் புல்னா கிராமம் வரை ஜீப் போகும். அதற்கு மேல் சக்கரம் கிடையாது. சுமார் 10 கிலோமீட்டர் மலையேறினால் காங்கரியா. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் ஆள் நடமாட்டமே இல்லாமல் பனி மூடிக் கிடக்கும் ஊர், கோடையில் திருவிழா மாதிரி ஆகிவிடும்.

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சீக்கியர்களின் புனிதத்தலமான ஹேம்குண்ட் சாகிப்புக்கு. சுமார் 6 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிற செங்குத்துப் பாதை. இன்னொன்று 'பூக்களின் பள்ளத்தாக்கு' தேசியப் பூங்காவுக்கு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹேம்குண்ட் பாதையில் கச்சர் போகலாம். பூக்களின் பள்ளத்தாக்குக்குள் கச்சருக்கு அனுமதி இல்லை. முடியாதவர்களை முதுகில் கட்டிய கூடையில் வைத்துத் தூக்கிப் போக ஆட்கள் உண்டு. அந்தக் கூடைக்குக் 'கண்டி' என்று பெயர். அதற்கும் மனமில்லை என்றால் சொந்தக் காலில்தான் போக வேண்டும்.

சேணத்தின் மேலிருந்து...

முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் பூவெல்லாம் கண்ணுக்கே தெரியாது. பயம்தான் தெரியும். ஏனென்றால் கச்சருக்கு ஒரு பழக்கம். பாதையின் மலைப்பக்கமாக நடக்காமல் பள்ளத்தின் ஓரமாகவே நடக்கும். அது திமிர் இல்லை. வருஷக்கணக்கில் இரண்டு பக்கமும் மூட்டை சுமந்து, சுவரோரம் நடந்தால் மூட்டை பாறையில் இடிக்கும் என்று கற்றுக்கொண்ட பாடம். மூட்டைக்குப் பதில் மனிதன் உட்கார்ந்திருந்தாலும் அது அந்தப் பாடத்தை மறப்பதில்லை. உட்கார்ந்திருப்பவரின் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும். கீழே பார்த்தால் ஆறு.

"ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால் சாயுங்கள்" என்று கூடவே நடந்து வருகிற கச்சர்க்காரர் சொல்லிக்கொண்டே வருவார். ஏறினவர் "பையா, ஆஹிஸ்தா... ஆஹிஸ்தா..." என்று தனக்குத் தெரிந்த ரெண்டே ஹிந்தி வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவார். 'அண்ணே, மெதுவா' என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே கழுதையிடம் ஏதோ சொல்வார். கழுதை யார் பேச்சையும் கேட்காது.

பயம் தெளிந்த பிறகுதான் ஓரங்களைப் பார்க்கத் தோன்றும். ஓடைக் கரைகளில் இளஞ்சிவப்பாக ஆளுயரத்துக்கு மண்டிக் கிடப்பது காட்டுக் காசித்தும்பை. ஆமாம், நம்மூர் வீட்டு வாசலில் வளர்கிற அதே காசித்தும்பைக் குடும்பம்தான். முற்றின காயைத் தொட்டால் படக்கென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடுகிற அதே குணம். மர நிழலில் பாம்பு படம் எடுத்த மாதிரி நிற்கிற 'நாக லில்லி' சேனைக்கிழங்கின் சொந்தம். இன்னும் மேலே பாறை இடுக்கில் முள்தண்டில் நீலமாகப் பூத்து நிற்கிற இமாலய நீலப் பாப்பி, கசகசாச் செடியின் சொந்தம். சமையலறையில் இருக்கிற பாதிப் பேருக்கு இமயமலையில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் போல!

இதில் இன்னொரு கஷ்டம். ஏறினவர் எந்தப் பூவை ஆசையாகப் பார்க்கிறாரோ, கச்சர் தலையைக் குனிந்து அதையே ஒரு வாய் கவ்விவிடும். அழகு என்பது அவரவர் பார்வை. அதற்கு அது டிபன்.

பிரம்மகமலம் எது?

ஹேம்குண்ட் ஏற்றத்தில் மரங்கள் முடிந்து, புல்லும் பாறையும் மட்டும் இருக்கிற உயரத்தில், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பூத்திருக்கிறது பிரம்மகமலம். உத்தராகண்டின் மாநில மலர்.

உடனே நம்மவர்கள் "அது எங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கே, ராத்திரி 12 மணிக்குப் பூக்குமே" என்பார்கள். அது வேறு. தமிழ்நாட்டில் பிரம்மகமலம் என்று சொல்லித் தொட்டியில் வளர்ப்பது ஒரு கள்ளி வகை. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். வெள்ளை வெளேரென்று ஒரே இரவில் பூத்து வாடிவிடும். இமயமலைப் பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பம். வெளியே தெரிகிற வெளிர்மஞ்சள் 'இதழ்' உண்மையில் இதழே இல்லை. எண்ணெய்க் காகிதம் மாதிரி இருக்கும் ஒருவகை இலைகள் அவை. குளிருக்குப் போர்வை போல அவை மூடி வைத்திருக்க, உள்ளே ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாக இருக்கிறதே, அதுதான் பூ.

சேணத்தின் மேல் இருந்தபடி பார்த்தால் அந்தப் போர்வை மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கிற ஊதாவைப் பார்க்க வேண்டுமென்றால் இறங்கி, முட்டி போட்டுக் குனிய வேண்டும். மலைப்பூ விஷயத்தில் இது ஒரு சட்டம் மாதிரி. கழுதை பூ இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பூவைப் பார்க்க இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் வெளியே போனவர்கள்

1931-ல் பிராங்க் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் முதலான ஆங்கிலேய மலையேறிகள் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை முதன்முதலாக ஏறிவிட்டு, பியூந்தர் கணவாய் வழியாக இறங்கி வரும்போது இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். ஸ்மைத் 1937-ல் மறுபடி வந்து தங்கிப் பூக்களைச் சேகரித்தார். 1938-ல் 'பூக்களின் பள்ளத்தாக்கு' என்று அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே இடத்தின் பெயராகிவிட்டது. அடுத்த வருஷமே, 1939 ஜூலையில், ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி இங்கே செடி சேகரிக்கும்போது பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். வயது 54. அவருடைய கல்லறை இப்போதும் பள்ளத்தாக்கின் உள்ளே, பூக்களுக்கு நடுவில் இருக்கிறது.

"ஸ்மைத் கண்டுபிடித்தார்" என்றுதான் எல்லாப் பயணக் குறிப்பும் சொல்கிறது. ஆனால் பியூந்தர் கிராமத்துக்காரர்களும், ஆடு மேய்க்கிறவர்களும் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே கோடையில் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் புத்தகம் எழுதவில்லை. அவ்வளவுதான்.

1982-ல் இது தேசியப் பூங்காவானது. அதோடு மேய்ச்சல் நின்றது. 2005-ல் யுனெஸ்கோ, 1988-லேயே பட்டியலில் இருந்த நந்தாதேவி பூங்காவோடு இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. 87.5 சதுர கிலோமீட்டரில் 500-க்கும் மேற்பட்ட பூக்கும் செடிகள் இருக்கிற இடம். காப்பாற்ற வேண்டியதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் ஆடு வெளியே போனதும் ஒரு விஷயம் நடந்தது. போலிகோனம் என்ற உயரமான செடி பரவி மற்ற சின்னச் செடிகளை மூட ஆரம்பித்தது. ஆடு மிதித்தும் மேய்ந்தும் அதை அடக்கி வைத்திருந்தது, மேய்ச்சலை நிறுத்தியதுதான் தப்பு என்று ஒரு கட்சி. இல்லை, பழைய மேய்ச்சலும் கிடை போட்டதும் மண்ணைக் கெடுத்ததால்தான் அது அந்த இடங்களில் வந்தது என்று இன்னொரு கட்சி. ஆராய்ச்சியாளர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். எப்படியோ, வனத்துறை கூலி கொடுத்து ஆள் வைத்து அந்தச் செடியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இதில் யார் சரி என்பதை விடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஓர் இடத்திலிருந்து ஒரு பிராணியையும் அதை ஓட்டி வந்த மனிதனையும் எடுத்துவிட்டால், அந்த இடம் அப்படியே இருக்காது. கணக்கில் எங்கேயாவது இடிக்கும்.

கொஞ்சம் கணக்கு (பயப்பட வேண்டாம்)

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு உப பொருள் என்றால் என்னவென்று தெரியும். கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்கும்போது கூடவே மொலாசஸ் வருகிற மாதிரி. முக்கியப் பொருளுக்காகச் செய்த செலவில் இன்னொன்றும் கிடைத்துவிடும்.

இந்த மலையில் பூ பார்ப்பது என்பது அப்படி ஓர் உப பொருள். ஹேம்குண்ட் சாகிப்புக்கு வருஷத்துக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பக்தர்கள் போகிறார்கள் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. கல் பதித்த பாதை, காங்கரியாவின் விடுதிகள், டீக்கடை, கச்சர் எல்லாமே அந்தக் கூட்டத்தை நம்பி உருவானவை. பூ பார்க்கப் போகிறவர் அதே பாதையில், அதே கழுதையில், அதே டீயைக் குடித்துவிட்டுப் போகிறார்.

இப்போது கச்சர்க்காரர் பக்கம். அவருடைய சீசன் மே கடைசியில் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை. அதிலும் நிலச்சரிவு, மழை என்று எத்தனையோ நாள் பாதை மூடும். ஆனால் கழுதைக்கு 12 மாதமும் தீனி போட வேண்டும். கடலை, தவிடு, வெல்லம், லாடம், மருந்து... ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறையாத நிலையான செலவு. முதலீடு வருஷா வருஷம் வயதாகிக்கொண்டே போகிறது. அதாவது தேய்மானம். ஒரு நாள் பாறையில் கால் சறுக்கினால் மொத்த முதலும் போச்சு. பனிக்காலத்தில் சிலர் கீழே இறங்கிக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் சுமை இழுக்கக் கழுதையை ஓட்டிப் போகிறார்கள். பூவுக்கு ஓய்வு காலம் உண்டு. கழுதைக்கு இல்லை.

2013 ஜூன் வெள்ளத்தில் பியூந்தர் கிராமம் அழிந்தது. பாலங்கள் அடித்துப் போயின. யாத்திரிகர்களை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றினார்கள். கழுதைகளை அப்படித் தூக்க முடியுமா? அவை மறுகரையில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஜனங்கள் மறுபடி தொடங்கியதும் அதே கழுதைகளை வைத்துத்தான்.

மேலே ஓடப்போகும் கம்பி

2025 மார்ச் 5. மத்திய அமைச்சரவை கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட் சாகிப் வரை 12.4 கிலோமீட்டருக்கு ரோப்வே அமைக்க ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,730.13 கோடி ரூபாய். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 1,100 பேர், நாளொன்றுக்கு 11,000 பேர் போகலாம். அதே நாள் காலையில்தான் கோவிந்த்காட்டில் மலை சரிந்து ஆற்றுப்பாலம் உடைந்து விழுந்தது என்பது தனிக்கதை.

கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். இரண்டு லட்சத்தை 11,000 ஆல் வகுத்தால் சுமார் 18. அதாவது ஒரு சீசன் முழுக்க நடந்தும் கழுதையேறியும் போகிற மொத்தக் கூட்டத்தையும் இந்தக் கம்பி 18 நாளில் மேலே கொண்டுபோய்விடும்! மீதி நாட்களில் யார் வருவார்கள்? இன்னும் அதிகப் பேர். 2,730 கோடி போட்டவர்கள் பெட்டியைக் காலியாக ஓட்ட மாட்டார்கள்.

ரோப்வே வேண்டாம் என்று சொல்வது சுலபம், நியாயமில்லை. 75 வயதுப் பாட்டிக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் ஹேம்குண்ட் ஏரியைப் பார்க்கும் ஆசை இருக்காதா? இந்தக் கழுதைகள் படும் பாடும் கொஞ்சநஞ்சமல்ல. முதுகில் புண்ணோடு இன்னொரு நடைக்கு அடித்து ஓட்டப்படும் கழுதைகள் மலைப்பாதைகளில் உண்டு. 2025 மே மாதம் கேதார்நாத் பாதையில் கச்சர்கள் நோய் வந்து சாக, சவாரியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். கழுதை சுமப்பது அழகு, அது பாரம்பரியம் என்று உருகுகிறவர்கள் ஒரு நாள் அதன் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஆனாலும் இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

முதல் கேள்வி, பூவுக்காக. கழுதை களைத்துவிடும். மனிதனுக்கு மூச்சு வாங்கும். இந்தக் களைப்பே இத்தனை நாள் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது. கம்பி களைக்காது. பிரம்மகமலம் பூக்கும் அந்தச் சரிவில் திடீரென்று ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கி, ஆளுக்கு ஒன்று "ஞாபகத்துக்கு" என்று பறித்தால் என்ன மிஞ்சும்?

இரண்டாவது கேள்வி, ஆளுக்காக. ரோப்வேயால் விடுதி, பயணம், உணவு, சுற்றுலா ஆகிய தொழில்களில் வேலைவாய்ப்பு பெருகும் என்று அறிவிப்பு சொல்கிறது. நல்லது. கச்சர்க்காரர் இதில் எந்தத் தொழில்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கல் வழுக்கும், எந்த மேகம் மழையாகும், எந்தத் திருப்பத்தில் நீலப் பாப்பி பூத்திருக்கும் என்பதுதான். இதற்கு எந்த கம்பெனியில் வேலை கொடுப்பார்கள்?

1982-ல் ஆடு மேய்ப்பவரை வெளியே அனுப்பியபோது அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை. பள்ளத்தாக்கு காப்பாற்றப்பட்டது என்று வரவு மட்டும் எழுதினார்கள். ஆனால் பின்னால் ஒரு நல்ல காரியமும் அங்கேயே நடந்திருக்கிறது. பியூந்தர் ஊர்க்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு, அந்தப் பாதையில் குவிந்த பிளாஸ்டிக்கை அள்ளிச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டது. பாதையைப் பயன்படுத்துகிறவர்கள் தரும் கட்டணத்திலிருந்து ஊர்க்காரர்களுக்கே கூலி. அதாவது பூவைக் காப்பதும் ஊரார் பிழைப்பும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட முடியும் என்பதற்கு முன்மாதிரி காங்கரியாவிலேயே இருக்கிறது.

அதையே ரோப்வேயிலும் செய்யலாமே. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கை எடுத்து வைத்தால், கச்சர்க்காரர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான முதலாகும். பூக்காவலராக, வழிகாட்டியாக அவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். எந்தத் திருப்பத்தில் எந்தப் பூ என்று தெரிந்தவரை விட நல்ல காவலர் எங்கே கிடைப்பார்? ஒரு நாளைக்கு எத்தனை பேர் மேலே போகலாம் என்று உச்ச வரம்பு வைக்கலாம். 2,730 கோடி மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரி எழுத இடமில்லாமலா போகும்?

அதுவரை அங்கே போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்கு நடுவில், ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போனால் பூ அதிகம். நடக்க முடிந்தால் நடங்கள். ஏறித்தான் போக வேண்டுமென்றால், புண் இல்லாத கழுதையாகப் பார்த்து ஏறுங்கள், செங்குத்தான இடத்தில் கொஞ்ச தூரமாவது இறங்கி நடங்கள், பேசின கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். பிரம்மகமலத்தைப் பறிக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் எதைப் பறித்தாலும் சட்டப்படி குற்றம்.

பூ இருக்கிற இடம் வந்ததும் "பையா, ருக்கோ" என்று நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் ஊரில் என்ன பேர் என்று அவரிடமே கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில்கூடக் கிடைக்கலாம். கழுதையின் கடிவாளத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பதில் வருவதற்குள் அது பூவைத் தின்றுவிடும் :-)